பெயர் எழுதாத கேசட்

என் இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சமாசாரம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நிரப்பி என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். அறுபத்து நான்கு வயதில் புதுப் பெயர்களை மனப்பாடம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

நாற்பது வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவனுக்குக் காது போனால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். முதலில் காலிங் பெல் போனது. பிறகு ஃபோன் மணி, குக்கர் விசில். கடைசியாக மனிதர்கள் போனார்கள். என் மனைவி பிலோமினா இறந்த பிறகுதான் காது முழுதாக அடைத்தது என்பது ஒரு வகையில் நல்லதுதான். அவள் பேசியவரை எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மூன்று வருடம் சும்மாதான் இருந்தேன். பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்தார்கள்.

கருவியைச் சரிபார்த்துத் தந்த பெண்ணின் பெயர் பாமினி. பொறுமைசாலி. ஒரே கேள்வியை நான் நான்கு தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டாள்.

“அங்கிள், உங்க நரம்பு வழியா பத்துல நாலு பங்கு சத்தம்தான் உள்ள போகும். மிச்ச ஆறு பங்கை இது நிரப்பும்.”

“எங்கேருந்து எடுத்து நிரப்பும்?”

“அதுக்குள்ள ஒரு பெரிய கையிருப்பு இருக்கு. உலகத்துல பதிவான பேச்சு, பாட்டு, வாத்தியம் எல்லாம். வந்த நாலு பங்கு எதோட ஒத்துப்போகுதோ, அதை எடுத்து மிச்சத்துக்கு ஒட்டிடும்.”

“தப்பா ஒட்டிட்டா?”

அவள் சிரித்தாள். “உங்களுக்குத் தெரியவே தெரியாது அங்கிள். நல்லாத்தான் கேக்கும்.”

எனக்குப் பிரியமான சத்தங்கள் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். அவற்றையும் கையிருப்பில் சேர்த்துவிட்டால் அந்தச் சத்தங்களுக்குக் கருவி முதலிடம் கொடுக்குமாம். என்னிடம் இருந்தது பன்னிரண்டு நிமிடம். பிலோ சமையலறையில் நின்றுகொண்டு சாக்ஸஃபோன் வாசித்ததை எப்போதோ ஃபோனில் எடுத்தது. அப்போது அவளுக்கு ஐம்பது வயது, ஆஸ்துமா வேறு. பாதி வாசித்து இருமி, பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அதைக் கொடுத்தேன்.

அந்தச் சிநேகிதர்கள் இரண்டு பேரையும் சொல்ல வேண்டும். மெஹருன்னிசா, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரம்பூரில் அவள் வீட்டு ஹாலில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கூடுவோம். இன்னொருவன் மெல்வின், ஆங்கிலோ இந்தியன், ரயில்வேயில் கார்டாக இருந்தவன். அவன் ஆட்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட, இவன் மட்டும் பெரம்பூர் பிரியாணியை விட்டுவர மனசில்லை என்று தங்கிவிட்டான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இளவயதில் ரயில்வே ஊழியர் மன்றக் கூடத்து ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தான். இப்போது மேல்வரிசைப் பல் ஒன்றுகூடக் கிடையாது. ஊத முடியாது.

கூடி என்ன செய்வோம் என்றால், கண்ணைக் கட்டிக்கொண்டு ஜாஸ் கேட்போம். மெஹரிடம் ஆயிரக்கணக்கில் பதிவுகள் இருக்கின்றன. ஒன்றைப் போடுவாள். வாசிப்பது யார் என்று நானும் மெல்வினும் சொல்ல வேண்டும். சத்தத்தைக் கேட்கக் கண்ணை எதற்குக் கட்டவேண்டும் என்பீர்கள். மெல்வினின் முகத்தில் பதில் சினிமா மாதிரி ஓடும். அதைப் பார்த்தே நான் சொல்லிவிடுகிறேன் என்று மெஹர் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆளுக்கொரு கட்டம் போட்ட துண்டு. இரண்டே விதிகள்தான். சொன்ன பெயரை மாற்றக்கூடாது. தோற்றவன் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

நிரப்பி வந்த பிறகு நான் டீ போடவே இல்லை. லாமர் ஹோப்ஸ் என்ற அமெரிக்க டிரம்பெட்காரரை இரண்டாவது சுரத்திலேயே பிடித்தேன். மெல்வின் வாயைப் பிளந்தான். பழைய காது திரும்பிவிட்டது என்று எனக்கு ஒரே தலைக்கனம். இருபத்தைந்து வயதில் இருந்த அதே தலைக்கனம்தான். அதைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரயில்வே கூடத்தில் குழு வாசித்த நாட்களில் அதைப் பதிவு செய்தவன் நான். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னை நாற்காலியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அமுக்குவேன். மொத்தம் முப்பத்தொரு கேசட். ஒன்றிலாவது யார் வாசித்தார்கள் என்று எழுதியதில்லை. எண் மட்டும் போடுவேன். பேர் எழுதினால்தான் தெரியும் என்பவன் ஒலிப்பதிவு செய்யவே லாயக்கில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குழுவில் இருந்தது ஒரே ஒரு சாக்ஸஃபோன். அதை வாசித்தவர்கள் இரண்டு பேர், மெல்வினும் அவனிடம் கற்றுக்கொண்ட பிலோவும். ஒருவர் வாயிலிருந்து எடுத்துத் துடைத்து மற்றவர் வாசிப்பார். அதே குழல், அதே பாணி. ஆனால் எனக்குத் தெரியும். மெல்வின் ஆரம்பிப்பதற்கு முன் இடது குதிகாலால் மேடைப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவான். பிலோ செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மேடை ஏறுவாள். இது போதாதா? இதை வைத்துக்கொண்டுதான் நான் அவ்வளவு ஆட்டம் போட்டேன்.

போன ஆவணியில் கூடத்து மேடையைப் பிரித்துப் பழுது பார்த்தபோது, அடியில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. என் கேசட்டுகள். எத்தனை வெள்ளம் பார்த்த பெட்டியோ, இருபத்தைந்து கேசட் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. ஆறு ஓடியது. அவற்றில் சாக்ஸஃபோன் வரும் கேசட் ஒன்றே ஒன்று, பத்தொன்பதாம் எண்.

அரசு ஒலிக்காப்பகம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் பெயரில்லாத பதிவை அங்கே வாங்கமாட்டார்கள். யார் வாசித்தது என்று எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். காப்பகத்துக்குள் போய்விட்டால் அங்கிருந்து நிரப்பிகளின் கையிருப்புக்கும் போகும். மெல்வின் வாசித்தது வேறெங்கும் பதிவாகவில்லை. பிலோவின் இளவயது வாசிப்பும் வேறெங்கும் இல்லை. பதிவு செய்தவன் நானாயிற்றே, எனக்குத் தெரியாதா? ஆக, அந்தக் கேசட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் இருப்பார்கள். மற்றவர் இல்லை.

அதையும் ஆட்டமாகவே வைத்துக்கொண்டோம். வேறெப்படிச் செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. மூன்று பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டோம். நிரப்பியை ‘இசை நேரம்’ என்ற நிலையில் வைத்தேன். அதில் வைத்தால் இருமல், கைதட்டல், நாற்காலி இழுபடுவது, ஆட்கள் பேசுவது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் கொடுக்கும். மெஹர் தடவிப் பார்த்துப் பட்டனை அமுக்கிக் கேசட்டை ஓடவிட்டாள்.

பிலோதான். முதல் மூச்சிலேயே பிலோ. இருமாத பிலோ, இருபத்து நான்கு வயது பிலோ. சுரம் ஏறும்போது ஓரத்தில் லேசாகக் கரகரக்கும் அந்த இடம்கூட அப்படியே இருந்தது. துண்டு நனைந்துவிட்டது. பாட்டு முடிந்ததும், மெல்வின் வாயைத் திறப்பதற்கு முன், “பிலோ” என்றேன்.

நான் துண்டை அவிழ்த்தபோது மெல்வின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

“என்னமா வாசிச்சிருக்கா பாத்தியா மெல்வின்? உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டா.”

அவன் திரும்பாமலே, ஆமாம், நன்றாகத்தான் வாசித்திருக்கிறாள் என்றான். படிவத்தில் முதல் சாட்சியாக அப்போதே கையெழுத்தும் போட்டான். மெஹர்தான் கண்ணாடியைக் காணோம் என்றாள். மறு வாரம் பேனா எழுதவில்லை என்றாள். அதற்கடுத்த வாரம், முப்பத்தைந்து வருடம் வங்கியில் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது, கொஞ்சம் பொறு என்றாள். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா என்று நான் கத்தினேன். செத்தவள் மேல் என்ன பொறாமை என்றுகூடக் கேட்டுவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவள் படிவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த மாதம் மாதா கோயில் தேர். கூட்டம் என்றாலே எனக்கு அலுப்பு. பிலோவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் போனேன். தேருக்கு முன்னால் பேண்டு வாத்தியம் வந்தது. கூட்டத்தின் இரைச்சல் எனக்கு ஆகாது என்பதால் கருவியை ‘இசை நேர’த்தில் தள்ளினேன்.

பிலோ வாசித்தாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். சாக்ஸஃபோனை வைத்திருந்தது ஒரு தடித்த மீசைக்காரன். வாயில் வெற்றிலைக் கறை, சட்டைப் பொத்தான் இரண்டு திறந்து கிடந்தது. அவன் கன்னம் உப்பும்போதெல்லாம் என் மனைவி வாசித்தாள். ஆஸ்துமா இல்லாத, இருபத்து நான்கு வயது பிலோ. ஓரத்தில் அதே கரகரப்பு.

தேர் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். யாரோ என்னைச் சோடா குடிக்க வைத்தார்கள்.

மறுநாள் பாமினியிடம் போனேன். அவளுக்கு விஷயம் புரிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அங்கிள், அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னது நாமதான். பெரிய ஆளுங்க வாசிச்சா அவங்க பதிவு உள்ள இருக்கும், சரியா ஒட்டும். பதிவே இல்லாத ஒருத்தர் சாக்ஸஃபோன் வாசிச்சா, உங்க கருவிக்குப் பக்கத்துல இருக்கறது ஆன்ட்டிதான்.”

“அப்போ நான் கேட்டது?”

“பத்துல நாலு பங்கு அவர். ஆறு பங்கு ஆன்ட்டி.” பிறகு அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். “மாத்திடட்டுமா? அந்தப் பதிவை எடுத்துடலாம். ஆனா இந்த மாதிரி கேக்கறது போயிடும். சில பேரு எடுக்க வேணாம்னுதான் சொல்றாங்க.”

நிறையப் பேர் அப்படித்தானா என்று கேட்டேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஒரு அம்மாவுக்குக் காய்கறி விற்பவன் கூப்பிடுவதெல்லாம் துபாயில் செத்துப்போன மகன் குரலிலேயே கேட்கிறதாம். தினமும் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்குகிறாராம். சமைக்க ஆள் இல்லை.

அந்த அம்மாவை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நானும் ஒரு கேசட் நிறையக் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறேன்.

நிரப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்க முடியுமா என்றேன். முடியும், ஆனால் தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரிதான் இருக்கும் என்றாள். ஃபோனில் எப்படி நிறுத்துவது என்று காட்டினாள். பத்தொன்பதாம் எண்ணின் நகல் ஃபோனிலேயே இருந்தது. அங்கேயே போட்டேன்.

சரளைக்கல்தான். பாட்டா, லாரியா என்று தெரியவில்லை. திரும்பப் போட்டேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, ஊதல் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், தொம் தொம் என்று இரண்டு சத்தம்.

வெறுங்கால் அப்படித் தட்டாது.

இன்னொன்றும் கேட்டது. பாட்டின் நடுவில், ஊதலுக்கு மிக அருகே, ஒரு பெண் குரல் மாதிரி. பதில் சொல்கிற மாதிரி ஒரு ஆண் குரல். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பாமினியையே கேட்டிருக்கலாம். ஏனோ கேட்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிரப்பியை நிறுத்திவைத்தபடியே மெஹர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கருவி கிட்டத்தட்டச் செத்துவிட்டது, உரக்கப் பேசுங்கள் என்று சொன்னேன். இன்றைக்கு யாருக்கும் துண்டு வேண்டாம் என்றும் சொன்னேன். பத்தொன்பதாம் எண்ணைப் போடச் சொன்னேன். மெல்வின் எழுந்து போகப் பார்த்தான். உட்காருடா என்றேன்.

கேசட் சுற்றியது. நான் அதைக் கேட்கவில்லை, மெல்வினின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் செருப்புக்குள் அவன் இடது குதிகால் உயர்ந்து மொசைக் தரையில் இரண்டு தடவை இறங்கியது. அவனுக்கே அது தெரியவில்லை. பிறகு முகத்தைப் பார்த்தேன். பல்லில்லாத வாய் குவிந்து ஊதிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக இந்த முகத்தைத் துண்டுக்குள் மூடிவைத்திருந்தோம்!

முடிந்ததும், “மெல்வின்” என்றேன். அவன் என்ன என்று கேட்டான். “உன்னைக் கூப்பிடலைடா. பதில் சொல்றேன். வாசிச்சது மெல்வின்.”

“சொன்ன பேரை மாத்தக்கூடாது.”

“நான் தோத்துட்டேன்னு வெச்சுக்கோ.”

எனக்குக் கேட்க வேண்டும் என்று அவன் கத்தித்தான் பேசினான். அந்தப் பேச்சைக் கத்திப் பேச வேண்டியதாகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

“நீ அழுதேடா தனிஸ்லாஸ். பிலோ சாவுக்குக்கூட நீ அழலை. கல்லு மாதிரி நின்னே. அன்னிக்கு அந்தத் துண்டைப் புழிஞ்சா தண்ணி வரும். எனக்கு யார் இருக்கா, என் வாசிப்பைத் தேடிக்கிட்டு வர? போகட்டும், ஒரு கேசட்தானேன்னு விட்டுட்டேன்.”

“ஒரு கேசட்தான் இருக்கு மெல்வின்.”

“தெரியும்,” என்றான். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்தக் கடைசி ஏற்றத்தில் தான் கொஞ்சம் நன்றாகத்தான் வாசித்திருப்பதாகவும், இவ்வளவு வருடம் கழித்துக் கேட்கும்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னான். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று நாள் தூங்கவில்லையாம்.

மெஹர் அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்துவந்தாள். நடக்காததற்கு அட்டெஸ்டேஷன் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை என்று மட்டும் சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கையால் விசிறித் தள்ளினாள்.

“ஒண்ணு கேக்கணும் மெஹர். நடுவுல ஒரு பொம்பளைக் குரல் வருதே, யாரு? என்ன சொல்லுது? எனக்கு வார்த்தையே புரியலை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்போ அன்னிக்கு நீ அதைக் கேக்கவே இல்லையா?” என்றாள் மெஹர். “‘பிலோ’ன்னு நீ சொன்னதும், அந்தக் குரலைத்தான் சொல்றேன்னு நினைச்சேன். அப்புறம் என்னமா வாசிச்சிருக்கான்னு ஆரம்பிச்சே பாரு, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.”

நானும் பிலோவும் டூ-இன்-ஒன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்போம், மெல்வினுடைய முறை வரும்போது. கருவி மெல்வினுக்குப் பிலோவின் மூச்சைக் கொடுத்துவிட்டு, பிலோவை நாற்காலி இழுபடுகிற சத்தத்தோடு சேர்த்துத் துடைத்துப் போட்டிருக்கிறது.

மெஹர் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் காது களைத்துவிட்டது, எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னாள். கடைசியில் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், வங்கிக்காரி கையெழுத்தில், பெரிது பெரிதாக எழுதிக் காட்டினாள்.

பிலோ: யாரு வாசிக்கிறதுன்னு மேல எழுதி வைங்க தனிஸ்லாஸ். பின்னாடி எப்படித் தெரியும்?

நீ: எனக்கா? கேட்டாலே தெரியாதா?

பிலோ: (சிரிக்கிறாள்)

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. பிறகு மெஹரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, பத்தொன்பதாம் எண்ணின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘வாசிப்பு: மெல்வின்’ என்று எழுதினேன். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் ‘பேச்சு: பிலோமினா’ என்று எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு, தோற்றவன் நான் என்பதால், டீ போட அடுப்படிக்குப் போனேன்.